நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர்

4 ஜனவரி 2025, சனி

மதியம் கூரியர்காரர் நீளமான அட்டைக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அனுப்பியது ஞானம் ஸ்டுடியோ. நான் பார்த்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். என் மனைவி பிரமு முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டாள். வாங்கியவள் பிரிக்கவில்லை. என் மேசைமேல் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

உள்ளே ஞானதுரையின் மகள் ஜெபாவின் கடிதம். "அன்புள்ள சைலம் மாமா" என்று தொடங்குகிறது. கடைசியாக நான் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. அவள் அப்பாவுக்கு அறுபது ஆகிறதாம். அவன் எடுத்த படங்களையெல்லாம் வருகிற இருபத்தாறாம் தேதி வாசகசாலை மண்டபத்தில் கண்காட்சியாக வைக்கிறார்களாம். அதில் 'ஆற்றில் மலை' படத்தைப் பற்றி நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். "நீங்கள்தான் பேச வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார்கள்."

களவு கொடுத்தவனைக் கூப்பிட்டு, களவு போன பொருளின் அழகைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள்.

கடிதத்தோடு அந்தப் படமும் இருந்தது. இருபத்துமூன்று ஆண்டுகளாக இதைக் காலண்டர்களில், ஓட்டல் சுவர்களில், பல் டாக்டர் அறையில், என் கல்லூரி முதல்வரின் மேசைக்குப் பின்னால்கூடப் பார்த்திருக்கிறேன். எல்லாமே ஓரம் வெட்டிய படங்கள். இது வெட்டாத முழு பிரிண்ட். நடு ஆற்றில் நிற்கும் ஆமைப்பாறை இதில் முழுதாகத் தெரிகிறது.

சுருட்டி மறுபடி குழாய்க்குள் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். மறுபடி வைத்தேன்.

5 ஜனவரி, ஞாயிறு

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். மேடையில் பேசும்போது தடுமாறக் கூடாது.

2002 ஜனவரி 16, கரிநாள், அதாவது காணும் பொங்கல். எல்லாரையும் போல நாங்களும் கட்டுச்சோறோடு தாமிரபரணிக்குப் போனோம், விடியுமுன்பே, மேலத்துறைப் படித்துறைக்கு. நான், பிரமு, ஞானதுரை, அவன் மனைவி ரோஸ்லின், குழந்தை ஜெபா. நானும் அவனும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி கேமரா. ஒரே கம்பெனி ஃபிலிம். நான் ஆற்றில் இறங்கிச் சப்பட்டைக்கல்லின் மேல், முழங்கால் அளவுத் தண்ணீரில், ஸ்டாண்டை ஊன்றி நின்றேன். அந்தக் குளிர் எலும்பில் ஏறியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவன் எனக்குப் பின்னால் படியில் நின்றுகொண்டு என் தலைக்கு மேலாக எடுத்தான். ஸ்டாண்டு இல்லாமல், கையில் பிடித்து. அவன் அப்படித்தான்.

இரண்டு ரோலையும் அவன் ஸ்டுடியோவில் ஒன்றாகக் கழுவி ஒரே கயிற்றில் காயப்போட்டோம். காய்ந்ததும் ஆறு ஆறு படமாக வெட்டினோம். எது யாருடைய ரோல் என்று குறித்துவைக்கவில்லை. ஸ்டுடியோவில் பெருக்குகிறவருக்குக்கூட இதைச் செய்யக் கூடாது என்று தெரியும். நாங்கள் செய்தோம். சிரித்துக்கொண்டே செய்தோம்.

ஒரே ஒரு படத்தில்தான் மலையும் ஆற்றுக்குள் இருந்த மலையும் ஒரு சுருக்கமும் இல்லாமல் விழுந்திருந்தன. "இது என்னுது" என்றேன். "இது என்னுதுவே" என்றான் அவன். பேசித் தீர்ப்பதற்குள் டெல்லிக்குப் போட்டிக்கு அனுப்பிவிட்டான், அவன் பெயரில். தங்கப் பதக்கம் வந்தது. என் ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார்: "சார், அதில் தண்ணீர் மட்டும் உங்களுடையதா?"

அதன் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

7 ஜனவரி, செவ்வாய்

நிரூபிக்க முடியும்! இதை இத்தனை நாள் யோசிக்காமல் இருந்த நான் இருபத்தாறு வருடம் இயற்பியல் பாடம் நடத்தியிருக்கிறேன்.

தண்ணீரில் தெரியும் மலை நாம் நேரே பார்க்கும் மலையின் நகல் அல்ல. தண்ணீருக்கு அடியில், நாம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோமோ அவ்வளவு ஆழத்தில் ஒரு கேமராவை வைத்து எடுத்தால் என்ன தெரியுமோ, அதுதான் அது. ஆகவே நடுவில் நிற்கும் ஆமைப்பாறை மேலே மலையை மறைக்கும் அளவும் கீழே மறைக்கும் அளவும் ஒன்றாக இருக்காது. கேமரா தண்ணீரை ஒட்டி இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். கேமரா உயர உயர, கீழே பாறை மலையை அதிகமாக மறைக்கும். அந்த வித்தியாசத்தையும் பாறைக்கு உள்ள தூரத்தையும் அளந்தால் கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

தாழ்வாக இருந்தால் நான். உயரமாக இருந்தால் அவன். காலண்டர் படங்களில் பாறையை வெட்டிவிட்டதால் இது முடியாமல் இருந்தது. முழுப் படத்தை அவன் மகளே அனுப்பிவிட்டாள். மேடையில், அத்தனை பேருக்கு முன்னால், கரும்பலகை கேட்டு வாங்கி, எண்ணில் காட்டுவேன்.

படத்தின் மேல் இன்னும் ஸ்கேல் வைக்கவில்லை. முதலில் தூரம் வேண்டும். முறை என்று ஒன்று இருக்கிறது.

9 ஜனவரி, வியாழன்

ஆறு மணிக்கு மேலத்துறை. காற்று இல்லை. மலை அப்படியே தண்ணீரில் இறங்கி நின்றது. கேமராவைப் பொருத்துவதற்குள் துண்டு கட்டிய ஓர் ஆள் தொபீரென்று குதித்தான். மலை நூறு துண்டாகிவிட்டது.

"கொஞ்சம் தள்ளிக் குளிக்கக் கூடாதா? படம் எடுக்கிறது தெரியவில்லை?"

"ஏன், மலை உம்ம அப்பன் சொத்தா?"

"மலையை யாருய்யா கேட்டா? தண்ணியைக் கலக்காதே என்கிறேன்."

"தண்ணி எங்கப்பன் சொத்து. தெனமும் குளிக்கேன்" என்று சொல்லி மறுபடி முங்கினான். முங்கி எழுந்தவன் என் கையில் டேப்பைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சர்வேயா? பாலம் வருதா?" என்று கேட்டான். இல்லை என்றேன். நம்பவில்லை. பாலம் வரும் என்ற ஆசையில் டேப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆமைப்பாறை வரை நீந்திப் போய்ப் பிடித்தான். சப்பட்டைக்கல்லில் இருந்து பாறைக்கு இருபத்தொரு மீட்டர். கீழ்ப் படியிலிருந்து இருபத்துநான்கு.

சப்பட்டைக்கல் மேல் இன்றைக்குத் தண்ணீர் ஒரு சாண்.

"எந்தத் தூண் எங்க வருதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்" என்று பின்னாலேயே வந்தான்.

10 ஜனவரி, வெள்ளி

காற்று.

11 ஜனவரி, சனி

காற்று. மேலே யாரோ துணி துவைக்கிறார்கள். சோப்பு நுரை மலை உச்சியில் மிதக்கிறது.

12 ஜனவரி, ஞாயிறு

படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தேன். மறுபடி அளக்க வேண்டும்.

13 ஜனவரி, திங்கள்

போகி. பிரமு பரண் முழுவதையும் இறக்கிப் போட்டுச் சுத்தம் செய்தாள். பழைய பாயை எடுத்தெறியும்போது ஒரு பித்தளைத் தூக்குச்சட்டி உருண்டு வந்தது. மூடியில் 'ரோஸ்லின்' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அதை மட்டும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவைத்தாள். வேறு எந்தப் பாத்திரத்தையும் அப்படித் தேய்க்கவில்லை. "திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே" என்றேன். "யாருக்கு?" என்றாள்.

ரோஸ்லின் 2019 ஜூலையில் இறந்துபோனாள். இதையும் எழுதிவைக்கிறேன், நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாது. நான் போகவில்லை, அதற்கு எனக்குக் காரணம் இருந்தது. பிரமு போகாததற்குக் காரணம் அன்றைக்கு பஸ் ஓடவில்லை.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. இந்த ஸ்கேலில் ஏதோ கோளாறு. புதிது வாங்கலாம் என்றால் கடைகள் இல்லை.

16 ஜனவரி, வியாழன்

கரிநாள். கூட்டம் வருமுன் போய்விட்டேன். ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை காற்று அசையவே இல்லை. இப்படி ஒரு காலையை இருபத்துமூன்று ஆண்டாகப் பார்க்கவில்லை. உச்சியில் வெயில் விழுந்து மெல்லக் கீழே இறங்க, தண்ணீருக்குள் இருந்த உச்சியிலிருந்து அதே வெயில் மேலே ஏறி வந்தது. இரண்டும் கரையில் ஒன்றையொன்று தொட்டன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லை.

சப்பட்டைக்கல்லில் இறங்கி, பழைய ஸ்டாண்டையே ஊன்றி எடுத்தேன். அந்த ஸ்டாண்டு முழுதும் நீட்டினாலும் நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்தான். பிறகு, ஒப்பிடுவதற்காக மட்டும், கீழ்ப் படியில் ஏறி நின்று கேமராவைக் கையில் தலைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்து ஒன்று எடுத்தேன். ஞானதுரை என்னைவிட அரை அடி உயரம்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தேன்.

லென்ஸ் வேறு. காலம் வேறு. அப்போது ஃபிலிம், இப்போது டிஜிட்டல். இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

மதியம் பிரமு தனியாகச் சாப்பிட்டாள். கரிநாளன்று வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது இந்தத் தெருவிலேயே நாங்கள் மட்டும்தான்.

17 ஜனவரி, வெள்ளி

புது ஸ்கேல். ஆறுமுறை அளந்து சராசரி எடுத்தேன்.

நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.

இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. தண்ணீரிலிருந்து கேமராவுக்கு உள்ள உயரம்தான் அது. தரையிலிருந்து அல்ல. அன்றைக்கு ஆறு நன்றாக வற்றியிருந்தால், சப்பட்டைக்கல் ஒன்றேமுக்கால் அடி வெளியே தெரிந்துகொண்டிருந்தால், அதன்மேல் என் ஸ்டாண்டு முழு உயரத்தில் நின்றால், கணக்கு மிகச் சரியாக வருகிறது. முழங்காலளவுத் தண்ணீர் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்தான். மனிதனுக்கு நினைவு பிசகும். காய்ந்த கல்லின் மேல்கூட நின்றிருக்கலாம். மார்கழி முடிந்த நேரத்தில் காய்ந்த கல்லும் குளிரத்தானே செய்யும்.

மேலத்துறைக்குப் பக்கத்துத் தடுப்பணையில் தினமும் நீர்மட்டம் எழுதுகிறார்கள். பழைய பதிவேடு அங்கே இருக்கும். இனி அது பேசட்டும்.

20 ஜனவரி, திங்கள்

தடுப்பணை மதகுக்கொட்டகையில் சுடலைவடிவு என்று ஓர் அம்மாள் இருக்கிறார். மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வேலை. கணவர் பார்த்த வேலை. அவர் இறந்த பிறகு இவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றுக்குள் கல்லில் வரைந்திருக்கும் அளவைக் காலையில் பார்த்து எழுதிவிட்டு, மதகுக் கம்பியில் வெங்காய வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"2002 ஜனவரிப் பதிவேடு வேண்டும்மா."

"அணையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு கேட்டு வருவாங்க சார். இருபத்துமூணு வருசம் முன்னால ஓடிப்போன தண்ணியக் கேட்டு வந்தது நீங்க ஒரு ஆளுதான். என்ன, கேஸா?"

"ஒரு விதத்தில்."

"ஆரு மேல?"

மறுபடி பதிவேட்டைக் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போனார். மரப்பெட்டியைத் திறந்து, கரையான் தின்றது போக மிஞ்சிய நோட்டுகளைத் தூசி தட்டித் தட்டி எடுத்துப் போட்டார். "இந்தா, எங்க வீட்டுக்காரர் கையெழுத்து" என்று ஒன்றைப் பிரித்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏழு எழுதுனா ஒண்ணு மாதிரி இருக்கும். அதுக்கே ஆபீசுல திட்டு வாங்குவாக."

16.1.2002, காலை 6 மணி. ஐந்து புள்ளி நான்கு அடி.

"இது ஒன்றா, ஐந்தா?"

"அஞ்சு சார். அந்த மனுசனுக்கு ஏழுதான் தகராறு. அஞ்சு அழகா எழுதுவாக."

"இன்றைக்கு எவ்வளவு?"

"மூணு புள்ளி ஒண்ணு. அன்னைக்கு இன்னைக்கவிட ரெண்டேகால் அடி கூட ஓடியிருக்கு. ஏன் சார், முகம் இப்படிப் போவுது? கேஸு ஒங்களுக்குச் சாதகமா இல்லையோ?"

முன்னும் பின்னும் பத்து நாள் பார்த்தேன். எல்லா நாளும் ஐந்துக்கு மேல். ஆறு வற்றவே இல்லை. இன்றைக்கு ஒரு சாண் இருக்கிற கல்லின் மேல் அன்றைக்கு இடுப்பளவு தண்ணீர். அதில் ஊன்றிய என் ஸ்டாண்டில் கேமரா தண்ணீருக்கு மேலே முக்கால் அடி இருந்திருக்கும். அதற்குமேல் வர வழியில்லை.

"பதிவேட்டில் எழுதினது எல்லாம் சரியாக இருக்கும் என்று என்ன உறுதி?" என்று சத்தம் போட்டேன். "கொட்டகையில் உட்கார்ந்துகொண்டே எழுதியிருக்கலாம்."

அந்த அம்மாள் நோட்டை மூடினார். "அந்த மனுசன் வெள்ளத்துல அளவு பாக்கப் போயித்தான் சார் செத்தாக. ஒங்க கேஸுக்காக அவுகளப் பொய்யராக்காதீங்க. எந்திரிங்க."

21 ஜனவரி, செவ்வாய்

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போல பிரமுவிடம் கேட்டேன்: "அந்தக் கரிநாளன்றைக்கு ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்தது?"

எந்தக் கரிநாள் என்று அவள் கேட்கவில்லை.

"இடுப்பளவு. எறங்காதிய, எறங்காதியன்னு ரோஸ்லின் கெடந்து கத்துனா. நீங்க கேக்கல. வெயில் மலையில விழறதுக்கு முன்னாலயே பல்லு தந்தியடிக்க மேல ஏறி வந்திய. அவ தன் போர்வைய எடுத்து ஒங்க மேல போத்தினா. காப்பி ஊத்திக் குடுத்தா. நீங்க ஆத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் காப்பி குடிச்சிய. அப்பந்தான் ஞானதுரை அண்ணாச்சி, 'ஏய் எல்லாரும் பாருங்க'ன்னு சொல்லிக்கிட்டே எடுத்தாக."

"இதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை?"

"சொன்னேன். மொத வருசமே சொன்னேன். சோத்துத் தட்ட சுவத்துல எறிஞ்சிய. அதுக்குப் பொறவு சொல்லல."

எனக்கு அப்படி நினைவில்லை. நெளிந்த தட்டு ஒன்று வீட்டில் இருப்பது உண்மைதான்.

"படத்துக்கு ஒரு கேஸு, பதக்கத்துக்கு ஒரு கேஸுன்னு இருந்துட்டுப் போங்க. அவ செத்த அன்னைக்கு என்ன பண்ணுனிய?"

"அன்றைக்கு பஸ் ஓடவில்லை."

"மூணு பஸ்ஸு நம்ம வாசலத் தாண்டிப் போச்சு. நான் சேல மாத்திக்கிட்டு நின்னேன். நீங்க வாசல்ல குறுக்க நாற்காலியப் போட்டு உக்காந்து பேப்பர் படிச்சிய. சாயங்காலம் வரைக்கும் அதே பேப்பரு."

எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வெளியே போய்விடுவேன். அது என் நல்ல குணம்.

22 ஜனவரி, புதன்

ஏழாவது முறை. நூற்று எழுபத்திரண்டு.

24 ஜனவரி, வெள்ளி

ஜெபா வந்தாள். அப்படியே ரோஸ்லின் முகம். பிரமு அவளை வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. நான் செருப்பைத் தேடுவது போல நின்றுகொண்டிருந்தேன்.

படங்களுக்குக் கீழே ஒட்டும் பெயர்ச்சீட்டுகளைக் காட்டினாள். "இத மட்டும் உங்ககிட்ட காட்டிட்டு வரச் சொன்னாங்க மாமா."

'ஆற்றில் மலை, 2002. படம்: ஞானதுரை, சிவசைலம்.'

"அப்பாவுக்கே அது யாரு ரோலுன்னு தெரியாதாம் மாமா. அப்ப வீம்புல அனுப்பிட்டேன்னு சொல்றாங்க. 'ரெண்டு பேரும் போகுறதுக்குள்ள பேரையாவது சேத்துப் போட்டுருவோம்'னாங்க. நீங்க ஒத்துக்கணுமே, அதான் பயம் அவங்களுக்கு."

பாதியா! இருபத்துமூன்று வருடம் கழித்து எனக்குப் பாதியைப் பிச்சை போடுகிறானா என்றுதான் முதலில் வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். ஜெபா காப்பி குடித்துவிட்டுப் போனாள். போகும்போது பிரமு அவள் கையில் அந்தத் தூக்குச்சட்டியைக் கொடுத்தாள்.

இப்போது கணக்கு இதுதான். அவனுக்குத் தெரியாது. ஜெபாவுக்குத் தெரியாது. சுடலைவடிவுக்கு எதற்காகக் கேட்டேன் என்றே தெரியாது. பிரமு எதுவும் சொல்லமாட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு மாலை போட்டுக்கொண்டால் என் பெயர் அந்தப் படத்தின் கீழ் நிற்கும். நான் செத்த பிறகும் நிற்கும். கேட்டது இதைத்தானே.

பிரமுவிடம், "சீட்டைப் பார்த்தாயா?" என்றேன்.

"பாத்தேன்" என்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

வாசகசாலை மண்டபத்தில் நூறு பேர் இருக்கும். ஞானதுரை முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. தொப்பை வேறு. என்னைப் பார்த்ததும், "ஏலே வாத்தியாரே, இன்னும் ஈர்க்குச்சி மாதிரியே இருக்க. வீட்டுல சோறு போடுதாளா இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பிரமுவும் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது.

மேடையில் கரும்பலகை கேட்டேன். கொண்டுவந்தார்கள். ஆறு, பாறை, மலை எல்லாம் வரைந்தேன். தண்ணீருக்கு அடியில் தலைகீழாக ஒரு கேமரா வரைந்தேன். தூரம் எழுதினேன், நீர்மட்டம் எழுதினேன், என் ஸ்டாண்டின் உயரத்தை எழுதினேன். கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். நான் வகுப்பில் கொட்டாவியைப் பொறுத்ததில்லை. அவரை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டேன். அவர் நகராட்சித் துணைத் தலைவராம்.

"ஏலே," என்றான் ஞானதுரை முன்வரிசையிலிருந்து, "கால் மணி நேரமா கணக்குப் போடுதியே, என்னதான்ல சொல்ல வார?"

சாக்பீஸை வைத்தேன்.

"கேமரா நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்திருக்கிறது. நான் இருந்த இடத்தில் அது முடியாது. இது உம்ம படம்தான்வே. முழுக்க உம்ம படம்."

மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டத் தொடங்கினார்கள். அவன் எழுந்து வந்து கட்டிப்பிடிப்பான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானும்தான். வேறென்ன எழுத.

அவன் எழுந்தான். முகம் கறுத்துவிட்டது.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"பதினேழாம் தேதி."

"யாருதுன்னு தெரியாம இருந்த வரைக்கும் நல்லாயிருந்துச்சுல. அது அவன் ரோலா இருந்தாலும் இருக்கும், பாவம், அந்த ஆத்தாமையிலதான் அவ சாவுக்குக்கூட வரலைன்னு நெனச்சுத் தேத்திக்கிட்டேன். ஆறு வருசமா அப்படித்தான் தூங்குதேன். இப்ப வந்து, என்னுதுதான்னு கணக்குப் போட்டுக் காட்டுத. அப்ப எதுக்குல வரல? கடைசி ஒரு வாரமும் பிரமு வந்தாளா, பிரமு வந்தாளான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாடா அவ."

கைதட்டல் நின்றுவிட்டது. ஜெபா, "அப்பா" என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறினான். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, "வா. ஒம் பேர நீயே கிழி" என்றான்.

போனேன். சீட்டு நன்றாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'சிவ' வந்துவிட்டது, 'சைலம்' வரவில்லை. அவன் பக்கத்தில் நின்று, "முழுசா எடு" என்றான். எடுத்தேன்.

உண்மையைச் சொன்னவனுக்கு இந்த ஊர் கொடுத்த மரியாதை இது. வாசலில் வந்து வண்டியை எடுத்தேன். பிரமு வரவில்லை. இரவு ஜெபா வீட்டிலேயே தங்கிவிட்டாள். நான் ரவை கிண்டிச் சாப்பிட்டேன். உப்பு போட மறந்துவிட்டது.

28 ஜனவரி, செவ்வாய்

பிரமு வந்தாள். நாளைக் காலை ரோஸ்லின் கல்லறைக்குப் போகிறாளாம். என்னைக் கூப்பிடவில்லை. "எத்தனை மணிக்கு?" என்றேன். "எட்டு" என்றாள்.

29 ஜனவரி, புதன்

நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் ஞானதுரை ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தான். பிரமுவைப் பார்த்ததும், "வாம்மா" என்று வழிவிட்டான். நான் பின்னால் காலெடுத்து வைத்தேன். கையைக் குறுக்கே நீட்டினான்.

"நீ இங்கனயே நில்லு."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு வருசம் நில்லு."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் நின்றேன். நிழல் இல்லை. பூக்கார அம்மாள் ஒருத்தி, "ஏன் சார், உள்ள போகலையா?" என்று கேட்டாள். வேலையைப் பார் என்றேன். கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது பொய். அவன் மேல் வந்தது, அந்த அம்மாள் மேல் வந்தது, வெயில் மேல் வந்தது. இருபது எட்டுத் தூரத்தில் வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்து மிதித்தால் வீடு.

அப்போது உள்ளேயிருந்து பிரமு அழும் சத்தம் கேட்டது. வாய்விட்டு, ரோஸ்லினின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். முப்பது வருடத்தில் அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. அவள் அழுது முடிக்கிறவரை கேட்டில் கை வைத்துக்கொண்டு நின்றேன். முடிந்த பிறகும் நின்றேன்.